பெரியம்மா மகள் சொல்லிக்கொடுத்த கணக்கு

நம்மில் பலருக்கு இப்போது கண்ணும் காதும் பாதிதான் வேலை செய்கின்றன. ஆனாலும் ஏழெட்டு எவ்வளவு என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவோம். நாம் படித்த பள்ளிக்கூடங்கள் அப்படி. ஆனால் ஒன்பது வயது வரை நான் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போனதில்லை என்பது உங்களில் ஒருவருக்கும் தெரியாது. போனதில்லை என்பது மட்டுமல்ல, பதினேழு என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் உங்களிடம் இதைச் சொல்லாமல் இருந்ததற்கு வெட்கம் காரணமில்லை. இதைச் சொல்லப் போனால் இன்னொருத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதற்குத்தான் இவ்வளவு நாளாயிற்று.

ஜப்பான்காரன் பினாங்குக்கு வருவதற்குப் பத்துப் பதினோரு வருஷம் முன்னால் நடந்தது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் பாங்கு தெளிவாகக் கேட்கும் தூரத்தில் ஒரு கடைவீட்டின் மாடியில் நாங்கள் குடியிருந்தோம். கீழே ஒரு மரைக்காயரின் கிட்டங்கி. ஜாதிக்காயும் கிராம்பும் கொட்டைப்பாக்கும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும். அந்த வாசனை பலகைத் தரையின் இடுக்குகள் வழியாக மேலே ஏறி எங்கள் சோற்றிலும் துணியிலும் தலைமயிரிலும் இருந்தது. இன்றைக்கும் யாராவது கிராம்பைக் கடித்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது.

அந்த மாதிரி வீடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மாடிப்படி முடியும் இடத்தில் தரையோடு படிந்து மூடும் ஒரு பலகைக் கதவு இருக்கும். திருடனுக்குப் பயந்து இரவில் மட்டும் மூடுவார்கள். எங்கள் வீட்டில் அதைப் பகலிலும் மூடி, மேலே அம்மிக்கல்லை நகர்த்தி வைத்திருப்பாள் அம்மா. அப்பா வேலைக்குப் போனதும் கல் வந்துவிடும். அவர் திரும்பி வந்து கீழிருந்து மூன்று முறை தட்டினால்தான் நகரும்.

காரணம் அண்ணன். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். பள்ளிக்கூடத்தில் சேர்த்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, தொண்டையில் வெள்ளைச் சவ்வு படரும் நோய் வந்து ஐந்தே நாளில் போய்விட்டான். பக்கத்தில் உட்கார்ந்த பையனிடமிருந்து ஒட்டியது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அப்போது எனக்கு ஆறு வயது. அன்றிலிருந்து நான் தெருவில் இறங்கவில்லை. கொதிக்க வைத்த தண்ணீர், கொதிக்க வைத்த துணி, கழுத்தில் கற்பூரப் பொட்டலம். சன்னல் பலகைகள் சாய்ந்த சட்டங்கள் வைத்தவை. அவற்றை இரண்டு விரல் அகலத்துக்குமேல் திறக்க விடமாட்டாள். அந்த இடுக்கில் வானம் தெரியாது. நேர் கீழே தெருவில் ஒரு துண்டு மட்டும் தெரியும். ரிக்ஷாவின் கூரை, மாட்டுவண்டி, கச்சான் கடலை விற்பவரின் தலையில் இருக்கும் தட்டு. தூரத்தில் டிராம் மணி அடிக்கும். அந்த டிராமை நான் பார்த்ததே இல்லை.

ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது அம்மா என்னைக் கூப்பிட்டு, தாடைக்குக் கீழே இரண்டு விரலை வைத்து அழுத்திப் பார்ப்பாள். வீங்கியிருக்கிறதா என்று. அவள் விரல்கள் எப்போதும் ஈரமாக இருக்கும். அவளைக் குற்றம் சொல்ல இந்த வயதில் எனக்கு மனம் வரவில்லை. அந்த வயதிலோ, அவள் விரல் வருகிறது என்றாலே தாடையை மார்போடு ஒட்டி வைத்துக்கொள்வேன்.

அப்பா துறைமுகத்தில் ஒரு கிட்டங்கியில் கிராணி, அதாவது குமாஸ்தா. நல்ல கையெழுத்து, நல்ல ஆங்கிலம். என்னை வீட்டிலேயே படிக்க வைத்துவிடலாம் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தார். மாலையில் காப்பி குடித்துவிட்டு அண்ணனின் சிலேட்டை எடுத்து வருவார். மரச்சட்டத்தின் ஒரு மூலையில் அண்ணன் பல்லால் கடித்த தடம் இருந்தது. எழுத்து எனக்கு வந்தது. தமிழும் வந்தது, ஆங்கிலமும் வந்தது. கணக்கு வரவில்லை.

வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் பாட்டாகப் பாடிவிடுவேன். இடையில் நிறுத்தி "ஆறேழு?" என்றால் நான் முதலிலிருந்து பாட வேண்டும். கழித்தல் இன்னும் மோசம். நாலிலிருந்து ஏழு போகாது என்றால், "பக்கத்து வீட்டுல கடன் வாங்கு" என்பார் அப்பா. பக்கத்து வீட்டில் ஒரு சீனத் தச்சர் இருந்தார். அவர்கள் வீட்டிலிருந்து தண்ணீர்கூட வாங்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். எப்படிக் கடன் வாங்குவது, எப்போது திருப்பிக் கொடுப்பது என்று நான் விழித்துக்கொண்டு நிற்பேன். சிரிக்காதீர்கள். எனக்கு அது நிஜமான கவலை. அப்பா ஒருமுறை சொல்வார், இரண்டாம் முறை குரலை உயர்த்திச் சொல்வார், மூன்றாம் முறை சிலேட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "மந்தம்" என்று ஒரு வார்த்தை சொல்லி எழுந்து போய்விடுவார். அடித்ததில்லை. அடித்திருந்தால்கூட மறந்திருப்பேன்.

எனக்கு ஒன்பது வயது ஆனபோது, அம்மாவுக்குத் தெரியாமல் இருக்க முடியாதே, தெரிந்தேதான் அப்பா என்னை அழைத்துப் போனார், மிஷன் பெண்கள் பள்ளிக்கு. மூடிய ரிக்ஷாவில் போனோம். தலைமை ஆசிரியை ஒரு வெள்ளைக்கார அம்மா. என்னைப் படிக்கச் சொன்னார், படித்தேன். கணக்குக் கொடுத்தார். பார்த்துவிட்டு, இவள் ஐந்து வயதுப் பிள்ளைகளோடுதான் உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஜனவரியில் மறுபடி கூட்டி வாருங்கள், இரண்டாம் ஸ்டாண்டர்டு கணக்கைப் போட்டால் அந்த வகுப்பில் சேர்க்கிறேன் என்றார்.

அம்மாவுக்கு அதைவிட நல்ல சேதி கிடையாது. "ஒம்போது வயசுப் பொண்ணு அஞ்சு வயசுக் குழந்தைங்களோட கால மடக்கி உக்காரணுமா? ஒண்ணும் வேணாம். வீட்டுலயே இருக்கட்டும்" என்றாள்.

அப்பா அம்மாவோடு சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் போடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை படகேறி அக்கரைக்குப் போனார். திரும்பி வரும்போது பாகான் டாலாமிலிருந்து பெரியம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அக்காவுக்குப் பதினைந்து வயது. பெரியப்பா இறந்த பிறகு படிப்பு நின்றுபோய்விட்டது. நாலாம் ஸ்டாண்டர்டு வரை மிஷன் பள்ளியில் படித்தவள். வெயிலில் காய்ந்த உடம்பு, முன்பல் ஒன்று ஓரம் உடைந்திருக்கும். மாடிக்கு வந்ததும் அம்மா அவளைச் சுடுதண்ணீரில் பினாயில் கலந்து குளிக்க வைத்தாள். அவள் கொண்டுவந்த இரண்டு பாவாடையும் அடுப்பில் கொதித்தன. நனைந்த முடியோடு வந்து என் எதிரில் உட்கார்ந்து, தன் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, "பசார் காக்கூஸ் மாதிரி நாறுறேன்ல?" என்று மெதுவாகக் கேட்டாள். மூன்று வருஷத்தில் அந்த மாடியில் நான் சத்தமாகச் சிரித்தது அப்போதுதான்.

அப்பா பெரியம்மாவிடம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். நான் இரண்டாம் ஸ்டாண்டர்டில் சேர்ந்துவிட்டால், அந்தப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளின் வகுப்புக்கு உதவியாக அக்காவை வைத்துக்கொள்ளும்படி தலைமை ஆசிரியையிடம் பேசுவார். அதை நம்பித்தான் அவள் வந்தாள். வந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது, அம்மிக்கல் அவளுக்கும் சேர்த்துத்தான் என்று. வெளியே போய்வந்தால் நோய் வந்துவிடும் என்று அம்மா அவளையும் இறங்க விடவில்லை. கடற்கரையில் ஓடித் திரிந்தவள். முதல் வாரம் சன்னல் இடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டே இருந்தாள். "உப்புக் காத்து இங்க வராதா?" என்று கேட்டாள். எனக்கு உப்புக் காற்று என்றால் என்னவென்று தெரியாது.

பாடம் தொடங்கிய முதல் நாள் அவள் சிலேட்டையே தொடவில்லை. துடைப்பத்திலிருந்து ஈர்க்குகளை உருவிப் போட்டாள்.

"பதினேழு குச்சி எடு."

எண்ணி எடுத்தேன்.

"இப்ப பதினேழுன்னு எழுது."

எழுதினேன்.

அவள் ஏழைக் காட்டி, "இது எத்தன குச்சி?" என்றாள். ஏழைத் தனியே நகர்த்தினேன். பிறகு ஒன்றைக் காட்டினாள். "இது?"

நான் ஒரு குச்சியை எடுத்துக் கொடுத்தேன். தரையில் மீதி ஒன்பது குச்சிகள் கிடந்தன. அவற்றைப் பார்த்தேன். அவை எங்கே போக வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. இனி "மந்தம்" வரும் என்று காத்திருந்தேன்.

அக்கா கொஞ்ச நேரம் குச்சிகளையே பார்த்தாள். "அட, இவ்வளவுதானா. இது ஒண்ணும் சூசா இல்ல லா" என்றாள். சூசா என்றால் கஷ்டம். அக்கரையில் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள். அம்மாவுக்குத்தான் அந்தப் பேச்சு பிடிக்காது. "ஒனக்குத் தெரியாமப் போகல. ஒனக்கு யாரும் சொல்லவே இல்ல."

பூப்பொட்டலம் கட்டி வந்த வாழைநாரால் பத்துக் குச்சியை ஒரு கட்டாகக் கட்டினாள். அந்த ஒன்று, ஒரு குச்சி இல்லை, ஒரு கட்டு. பத்துக் கட்டைச் சேர்த்துப் பழைய ரிப்பனால் கட்டினால் நூறு. கூட்டும்போது பத்து சேர்ந்தால் கட்டிவிட வேண்டும். கழிக்கும்போது குச்சி போதவில்லை என்றால் ஒரு கட்டை அவிழ்க்க வேண்டும்.

"கடன் வாங்க வேணாமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? நம்ம கட்டு. நாமளே அவுத்துக்கலாம்."

உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். மூன்று வருஷமாக என்னைச் சுற்றி மூடிக் கிடந்த ஒன்று அந்த மத்தியானம் திறந்தது. கட்டை அவிழ்க்கும்போது நார் விட்டுப் போய்க் குச்சிகள் பலகையில் சிதறும் சத்தம் எனக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. தேவையில்லாதபோதும் அவிழ்ப்பேன். துடைப்பம் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தது. "பெருக்க ஒண்ணும் மிச்சம் வைக்க மாட்டீங்க போல" என்று அம்மா முணுமுணுத்தாள்.

பெருக்கலுக்குத் தெரு உதவியது. இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு, "ஆறு மாட்டுவண்டி போயிருக்கு. வண்டிக்கு ரெண்டு மாடு. கால் எத்தன?" என்பாள். நான் வாய்ப்பாட்டை முதலிலிருந்து பாடப் போனால் வாயைப் பொத்துவாள். பன்னிரண்டு மாடு, நாற்பத்தெட்டுக் கால் என்று வருவதற்குள் ஏழாவது வண்டி வந்துவிடும். அவளுக்கு அதில் பொறுமை இருந்தது. மற்ற நேரங்களில் இல்லை. சில நாள் பாடத்தின் நடுவில் எழுந்து, முன் சன்னலிலிருந்து பின்கட்டுச் சமையலறை வரை போவாள், திரும்பி வருவாள், மறுபடி போவாள். "முப்பத்தொரு அடி. அவ்வளவுதான் இந்த ஊரு" என்று ஒரு நாள் சொன்னாள். நானும் அளந்து பார்த்தேன். எனக்கு நாற்பத்திரண்டு அடி வந்தது. எனக்குக் கொஞ்சம் பெரிய ஊர் என்று சந்தோஷப்பட்டேன்.

அக்டோபர் வாக்கில் நான் மூன்று இலக்கக் கழித்தலைக் குச்சி இல்லாமல் போட்டேன். வகுத்தலும் வந்துவிட்டது. மாலையில் அப்பா வந்து சும்மா இரண்டு கணக்குக் கேட்பார். அவர் குரலைக் கேட்டால் எனக்குப் பாதி மறந்துபோகும், தடுமாறிச் சொல்வேன். அவர் பேப்பரை எடுத்துக்கொள்வார். ஆகவே எனக்கு எவ்வளவு தெரியும் என்பது அக்காவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மா அப்பாவிடம் பேசியதைக் கேட்டேன். ஈரப் போர்வைக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தது அவர்களுக்குத் தெரியாது.

"இவ ஸ்கூலுக்குப் போயிட்டா அவள எதுக்கு வச்சிருக்கணும்? புக்கிட் தெங்கா தோட்டத்து மண்டோருக்குப் பொண்ணு பாக்குறாங்க. சம்சாரம் போய் ஒரு வருஷம் ஆச்சு. ரெண்டு பிள்ளைங்க. நல்ல மனுசனாம். எங்க அக்காகிட்ட நான் பேசிட்டேன்."

"ஸ்கூல்ல வேலைக்குச் சொல்றேன்னு நான்..."

"சொன்னீங்க. அவ வேலைக்குப் போனா எங்க தங்குவா? இங்கதான தங்கணும்? தெனம் நூறு பிள்ளைங்க வாய்க் காத்த வாங்கிட்டு இந்த வீட்டுக்குள்ள வருவாளா?"

அப்பா பதில் சொல்லவில்லை. எனக்கு அவருடைய அந்த மௌனம் பழக்கமானது. அதற்கு அர்த்தம் சரி என்பது. மண்டோர் என்றால் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணி.

நான் அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். சொன்னால் அவள் உடனே போய்விடுவாள் என்று பயந்தேன். நான் பள்ளிக்கூடத்துக்குப் போனால்தானே அவளை அனுப்புவார்கள்? போகாவிட்டால் அவள் இருப்பாள். ஒன்பது வயதில் எனக்கு அது மிகச் சரியான கணக்காகப் பட்டது.

ஜனவரியில் மறுபடி மூடிய ரிக்ஷா. தலைமை ஆசிரியை பத்துக் கணக்கு எழுதிய தாளைக் கொடுத்து ஒரு பெரிய மேசையின் ஓரத்தில் உட்கார வைத்தார். சன்னல்கள் முழுக்கத் திறந்திருந்தன. வெளியே பெண்பிள்ளைகள் கயிறு சுற்றிக் குதிக்கும் சத்தம். அவ்வளவு வெளிச்சத்தில் எனக்குக் கண் கூசியது. பத்துக் கணக்கும் எனக்குத் தெரிந்தவை. ஒவ்வொன்றையும் மனதுக்குள் போட்டு, சரியான விடையைக் கண்டுபிடித்து, பிறகு தப்பான விடையை எழுதினேன். கண்டபடி எழுதினால் சந்தேகம் வரும் என்று, முன்பெல்லாம் நான் எப்படித் தப்பு செய்வேனோ அப்படியே செய்தேன். அதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

திரும்பி வரும்போது ரிக்ஷாவுக்குள் அப்பா திரையையே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. மேலே ஏறியதும், "பத்துமே தப்பு. பத்து மாசம் வீண்" என்றார்.

அம்மா என் தாடைக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு கேசரி கிண்டினாள். நெய் வாசனை மாடி முழுக்க நிறைந்தது. அவள் அப்படி வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டு சமைத்து நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. எனக்கு ஒரு கரண்டி கூடுதலாக வைத்துவிட்டு, அக்காவைப் பார்த்து, "அடுத்த வாரம் சனிக்கிழம சித்தப்பா ஒன்னய அக்கரைல கொண்டு விட்டுருவாரு" என்றாள்.

நான் போட்ட கணக்கு அத்தனை சீக்கிரம் பொய்த்துப் போகும் என்று எனக்குத் தெரியாது. தேறினாலும் அனுப்புவார்கள், தேறாவிட்டாலும் அனுப்புவார்கள்.

அன்று சாயங்காலம் அக்கா சமையலறையில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். அப்பா வீட்டில் இருக்கும் நேரத்தில்தான் அம்மிக்கல் அம்மியாக இருக்கும். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தலையைத் தூக்காமல், "என்ன கணக்கு குடுத்தாங்க? ஒண்ணு சொல்லு" என்றாள்.

"அறுநூத்தி நாலுல எறநூத்தி முப்பத்தேழு கழிக்கணும்."

"எவ்வளவு?"

"முந்நூத்தி அறுபத்தேழு."

வாயிலிருந்து வந்துவிட்டது. அரைக்கும் சத்தம் நின்றது.

"அங்க என்ன எழுதின?"

"நானூத்தி முப்பத்திமூணு."

அக்கா குழவியைக் கீழே வைத்தாள். சின்ன இலக்கத்தைப் பெரிய இலக்கத்திலிருந்து கழித்துவிடும் என் பழைய தப்பு அது. அதை எனக்கு மறக்கடிக்க அவளுக்கு இரண்டு மாதம் ஆகியிருந்தது. மிளகாய்க் கையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏண்டி?"

போர்வைக்குப் பின்னால் கேட்டதையெல்லாம் சொன்னேன். மண்டோர், இரண்டு பிள்ளைகள், அப்பா பேசாமல் இருந்தது. சொல்லச் சொல்ல அவள் முகம் மாறவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"எங்கம்மா லெட்டர்ல எழுதியிருந்தாங்க. எனக்குத் தெரியும்" என்றாள். "நீ பாஸ் ஆனா, டீச்சரம்மா முன்னாடி நானே பேசிப் பாக்கலாம்னு இருந்தேன். சித்தப்பா பேசலன்னாலும்." அரைத்த மிளகாயை அம்மி ஓரத்துக்கு வழித்தாள். "ஒன்னய யாரு இந்தக் கணக்கெல்லாம் போடச் சொன்னது?"

நான் அழ ஆரம்பித்தேன். அவள் கையைக் கழுவினாள். முழங்கை வரை, மெதுவாக, அம்மா சொல்லிக்கொடுத்த மாதிரி கழுவினாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து முன்னறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"சித்தப்பா, இவளுக்கு ஒரு கணக்கு குடுங்க."

அப்பா பேப்பருக்கு மேல் பார்த்தார். "இன்னும் என்ன?"

"ஒண்ணே ஒண்ணு குடுங்க."

அவர் சலிப்போடு ஒரு கழித்தல் சொன்னார். துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். அவள் முகத்தை நான் பார்த்தேன். மத்தியானம் பாடிக்கொண்டு கேசரி கிண்டிய முகம் போய்விட்டிருந்தது. அண்ணன் கிடந்த ஐந்து நாளும் இருந்த முகம் வந்திருந்தது. விடை எனக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை. சொன்னால் அம்மாவை ஏதோ செய்துவிடுவேன் என்று தோன்றியது. சொல்லாவிட்டால் அக்காவை.

"நான் எப்படியும் போறவதான்" என்றாள் அக்கா, என் காதருகில். "நீயாச்சும் எறங்கு. சொல்லு."

சொன்னேன்.

அப்பா இன்னொன்று கேட்டார். சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பெருக்கல், வகுத்தல், மூன்று இலக்கம், நான்கு இலக்கம் என்று கேட்டுக்கொண்டே போனார். அக்கா என் மணிக்கட்டை விடவில்லை. அம்மா மடித்த துணியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாள். அடுப்பில் விறகை ஒடித்துப் போடும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

திங்கட்கிழமை அப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு என்னை மறுபடி பள்ளிக்கு அழைத்துப் போனார். தானும் வரட்டுமா என்று அக்கா கேட்டாள். ரிக்ஷாவில் இடமில்லை என்றார். தலைமை ஆசிரியை வாயாலேயே கணக்குக் கேட்டார். எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னேன். அவருக்கு ஆச்சரியம். போன வாரம் என்ன ஆயிற்று என்று கேட்டார். பயந்துவிட்டாள் என்றார் அப்பா. "யார் இவளுக்குச் சொல்லிக்கொடுத்தது? அருமையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்" என்றார் அந்த அம்மா.

அப்பா தொண்டையைச் செருமினார். "நான்தான். வீட்டில்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அவ்வளவு ஆங்கிலம் எனக்குப் புரியும். தலைமை ஆசிரியை என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்பா பக்கத்தில் கைகட்டிக்கொண்டு நின்றேன். அன்றைக்கு ஒரு வார்த்தை, "அக்கா" என்ற ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம். ஆனால் நான் சொல்லவில்லை.

சனிக்கிழமை அக்கா போனாள். அம்மா அவளுக்கு ஒரு புதுச் சேலை கொடுத்தாள். பலகைக் கதவு திறந்திருக்க, படியில் இறங்கும்போது நாலாவது படியில் நின்று மேலே பார்த்து, "ஏழெட்டு?" என்றாள். "அம்பத்தாறு" என்றேன். தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். சித்திரைக்குள் அவளுக்கும் மண்டோருக்கும் கல்யாணம் முடிந்துவிட்டது. என்னைக் கூட்டிப் போகவில்லை.

நான் பள்ளிக்கூடம் போனேன். இரண்டு பக்கமும் திரை தொங்கவிட்ட ரிக்ஷாவில் போய், அதே திரைக்குள் வந்தேன். வாசலில் அம்மாவின் ஈர விரல்கள் காத்திருக்கும். மாடி கொஞ்சம் நீண்டு பள்ளிக்கூடம் வரை வந்த மாதிரிதான் இருந்தது. வகுப்பில் கணக்கில் நான் முதல். அப்பா தன் சிநேகிதர்களிடம் பெருமையாகச் சொல்லுவார்.

நாலு வருஷம் கழித்து, அக்காவின் இரண்டாவது குழந்தைக்குப் பெயர் வைக்கும் விசேஷத்துக்குத்தான் அம்மா என்னை அக்கரைக்குப் போக விட்டாள். புக்கிட் தெங்காவில் அப்போது ரப்பர் மரம்தான், எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி வரிசை. மண்டோர் கெட்டவர் இல்லை. அதிகம் பேசாத மனிதர். முதல் தாரத்தின் பிள்ளைகள் இரண்டு, அக்காவின் பிள்ளைகள் இரண்டு, ஒரு மாமியார். விருந்தினர் எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு, பின்பக்கம் பாத்திரம் துலக்கிக்கொண்டே அக்கா கேட்டாள்.

"வகுத்தலுக்கு அப்புறம் என்னடி வரும்?"

எனக்குப் புரியவில்லை.

"நான் படிச்சது நீள வகுத்தல் வரைக்கும்தான். ஒனக்குச் சொல்லிக்குடுத்ததோட எனக்குத் தெரிஞ்சது முடிஞ்சிருச்சு. அதுக்கு மேல என்ன இருக்கு?"

"பின்னம்" என்றேன். கரிக்கட்டையால் தரையில் ஒரு வட்டம் போட்டு மூன்றாகப் பிரித்தேன். அவள் சாம்பல் கையோடு குனிந்து பார்த்தாள். மூன்றில் ஒன்றும் நாலில் ஒன்றும் கூட்டினால் என்ன என்று நான் தொடங்குவதற்குள் குழந்தை அழுதது. மாமியார் கூப்பிட்டாள். படகுக்கு நேரமாகிவிட்டது என்று அப்பாவும் கூப்பிட்டார். புத்தகம் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் பழைய கணக்குப் புத்தகத்தைத் தபாலில் அனுப்பினேன். ஐந்தாறு மாதம் ஒரு பதிலும் இல்லை. நானும் மறந்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்தபோது அப்பா ஒரு தடித்த உறையைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வரும் தபால் எல்லாவற்றையும் அவர்தான் பிரிப்பார். உள்ளே கடிதம் எதுவும் இல்லை. சாமான் சுற்றி வந்த காகிதங்களின் பின்பக்கத்தில் பென்சிலால் போட்ட பின்னக் கணக்குகள், எட்டுப் பத்துத் தாள். அவர் சிவப்புப் பென்சிலை எடுத்து ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே வந்திருந்தார். கடைசித் தாளில் இருந்தார்.

"ஒன் பேருக்கு வந்திருக்கு. யாரு இந்தப் பையன்?" என்றார். "ஒரே ஒரு தப்பு. அதுவும் அவசரத்துல வந்த தப்பு. நல்ல மூளை. யாரோ நல்லா சொல்லிக்குடுத்திருக்காங்க."

அம்மா எதிரில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் புத்தகப் பையைக்கூட இறக்கவில்லை.

"அக்கா" என்றேன். "யாரும் சொல்லிக்குடுக்கல. அக்காவே படிச்சுப் போட்டது."

அம்மாவின் முறம் நின்றது. அப்பா சிவப்புப் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு தாள்களை ஒழுங்காக அடுக்கி, முதல் தாளிலிருந்து மறுபடி படிக்கத் தொடங்கினார்.